வெப்பம் போகும் தடங்கள்

மின்சாரத்தைக் கட்டிப்போட ஒரு பிளாஸ்டிக் உறை போதும். வெப்பத்துக்கு அப்படி ஓர் உறை வாய்க்கவில்லை. எதில் அடைத்தாலும் கொஞ்சமாவது கசியும். கைபேசிச் சில்லுக்கு இது தொல்லை என்றால், கடுங்குளிரில் இயங்கும் குவாண்டம் கணினிக்கு எமன்.

நானோ அளவுக்கு இறங்கினால் வெப்பமும் ஓர் ஒழுங்குக்கு வருகிறது. விழிஞ்ஞம் மீன்பிடித் துறைமுகத்துக்குள் எத்தனை வள்ளங்கள் முண்டியடித்தாலும், அலைத்தடுப்புச் சுவர்களுக்கு நடுவிலுள்ள வாய் இடம் தருகிற அளவுக்குத்தான் கடலுக்குப் போக முடியும். வெப்பத்துக்கும் ஒவ்வொரு தடத்திலும் அப்படி ஓர் உச்சவரம்பு உண்டு. 1 கெல்வின் வெப்பநிலையில் ஒரு தடத்தின் கடத்துதிறன், கெல்வினுக்குச் சுமார் 0.95 பிக்கோவாட். ஒரு பிக்கோவாட் என்பது வாட்டில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. தடம் எந்தப் பொருளால் ஆனது என்பது கணக்கிலேயே வராது.

2019-ல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் அனிந்தியா தாஸ் குழு இதைக் கிராஃபீனில் அளந்தது. ஓர் அணுத் தடிமனுள்ள கார்பன் தாள். மேலும் கீழும் போரான் நைட்ரைடு. வலுவான காந்தப்புலத்தில் வைத்தால் தாளின் உள்ளே இருக்கும் எலெக்ட்ரான்கள் வட்டமடித்தே முடங்கிவிடும். ஓட்டம் விளிம்பில் மட்டும், அதுவும் ஒருவழிப் பாதையாக. அடியிலுள்ள மின்வாயின் வோல்டேஜை மாற்றினால் விளிம்புத் தடங்கள் கூடும், குறையும்; வெப்பம் போகும் அளவும் அதோடு நம் கைக்குள் வரும்.

நடுவே ஒரு சின்ன உலோகத் தீவு. மின்னோட்டம் அதைச் சூடாக்கும். அந்தச் சூட்டை அளக்க எந்தத் தெர்மாமீட்டரைச் செருகுவது? செருகவில்லை, ஒட்டுக்கேட்டார்கள். எலெக்ட்ரான்கள் சூடேறினால் மின்னோட்டத்தில் இரைச்சல் கூடும். அந்த இரைச்சலிலிருந்து வெப்பநிலை, வெப்பநிலையிலிருந்து தடங்களின் எண்ணிக்கை.

கணக்கு 5 சதவீதத்துக்குள் பொருந்தியது. எனக்கு ருசிப்பது அதில் 4/3 என்ற நிலைதான். மின்சாரத்தை அளந்தால் அங்கே 4/3 தடம் தெரிகிறது. வெப்பத்தை அளந்தால் முழுசாக இரண்டு. ஒரு தடம் முழு அளவு மின்சாரமும் மற்றது மூன்றில் ஒரு பங்கும் கொண்டுபோகிறது. வெப்பம் அந்தப் பாகுபாடு பார்ப்பதில்லை.

மின்சாரம் மறைப்பதை வெப்பம் காட்டிக்கொடுப்பதால்தான் இந்த அளவீட்டுக்கு இவ்வளவு மவுசு. 2018-ல் இஸ்ரேலின் வைஸ்மன் கழகத்தில் மிதாலி பானர்ஜியும் சகாக்களும் 5/2 என்ற நிலையை இப்படிச் சூடாக்கிப் பார்த்தபோது கிடைத்த விடை இரண்டரை. சாதாரண எலெக்ட்ரான் அரைத் தடத்தில் போகாது. 1937-ல் எட்டோரே மயோரானா தாளில் எழுதிவைத்த வகைத் துகள் போகலாம்.