ஒரு மிதிவண்டியும் ஐந்து கேள்விகளும்

பள்ளியிறுதியை நெருங்கும்போது உங்களை விஞ்ஞானம், வாணிகம், கலை எனப் பிரிவு பிரிவாக அமர்த்துகிறோம். பாடம் நடத்துவதற்கு அப்பிரிவு தேவைதான். ஆயினும் அதனால் ஒரு தீங்கும் விளைவதை என் ஆசிரியப் பணியில் கண்டிருக்கிறேன். பாடங்கள் பிரிந்திருப்பது போலவே உலகமும் பிரிந்து கிடக்கிறது என்று மாணவர் எண்ணிவிடுகின்றனர். “அஃது எங்கள் பாடமன்று” என்னும் விடை அவர்கள் நாவில் எளிதாக வருகிறது. உலக நிகழ்ச்சி எதுவும் ஒரே பாடத்துக்கு உரியதன்று. இதனை விளக்க, நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் நிகழ்ந்த ஒன்றையே எடுத்துக்கொள்வோம்.

1991ஆம் ஆண்டில் இம்மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவுப் பணியைத் தொடங்கியது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் திருமதி ஷீலா ராணி சுங்கத். எழுத்தோடு சேர்த்து, பெண்களுக்கு மிதிவண்டி ஓட்டவும் இயக்கத்தார் கற்பித்தனர். கல்லுடைக்கும் பெண்களும், வயல்வேலை செய்வோரும், செவிலியரும், ஆசிரியைகளும் கற்றனர். மாலை வேளைகளில் ஊர்த்திடல்களில் தாய்மார் விழுந்தும் எழுந்தும் பழகியதை நானும் பார்த்திருக்கிறேன். 1992ஆம் ஆண்டு அனைத்துலக மகளிர் நாளில் 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் மணியொலித்து மிதிவண்டிகளில் ஊர்வலம் வந்தனர். இந்த ஒரு நிகழ்ச்சியை ஐந்து துறையினர் நோக்கினால் என்னென்ன கேட்பார்கள்?

விஞ்ஞானி கேட்பது: இரண்டே சக்கரங்களில் நிற்கும் வண்டி ஓடும்போது விழாதிருப்பது ஏன்? சுழலும் சக்கரம் பம்பரம்போல் தன் நிலை மாறாதிருக்க முயல்வதே காரணம் என்று பலர் கூறுவர். 1970இல் டேவிட் ஜோன்ஸ் என்பவர், எதிர்த்திசையில் சுழலும் மற்றொரு சக்கரத்தைப் பொருத்தி அவ்விளைவை நீக்கிப் பார்த்தார்; அப்போதும் வண்டியை ஓட்ட முடிந்தது. 2011இல் நெதர்லாந்து, அமெரிக்க ஆய்வாளர்கள் செய்த வண்டியொன்று, அவ்விளைவின்றியும் ஆளின்றியும் தானே நேராக ஓடியது. வண்டி சாயும் பக்கமே முன்சக்கரம் திரும்பினால், சக்கரங்கள் மீண்டும் பாரத்தின் கீழ் வந்துவிடுகின்றன. பழகுவோர் முதலில் கற்பதும் இதுவே. நாள்தோறும் காணும் பொருளிலும் ஆராய இடமுண்டு என்பது இதனால் விளங்கும்.

வணிக நூலார் கேட்பது: தேவை திடீரெனப் பெருகினால் கடைத்தெருவில் என்ன நிகழும்? அன்று இங்கு வந்து ஆராய்ந்து எழுதிய பத்திரிகையாளர் பி. சாய்நாத், பெண்களுக்கான மிதிவண்டி விற்பனை ஒரு வணிகரிடம் ஓராண்டில் 350 விழுக்காட்டுக்கு மேல் உயர்ந்ததைக் குறித்துள்ளார். அவ்வெண்ணும் உண்மையிற் குறைவாகவே இருக்கலாம் என்று அவர் கருதினார். பெண்கள் வண்டி கிடைக்காமல் ஆண்கள் வண்டியை வாங்கியோர் அக்கணக்கில் வரவில்லை; விற்பனை வரி அதிகாரியோ என்றஞ்சிய வணிகர்கள் அளந்தே பேசினார்கள். எண்ணைப் படிக்கும்போது, அதைச் சொன்னவர் யார், ஏன் சொன்னார் என்பதையும் சேர்த்துப் படித்தல் வேண்டும்.

மருத்துவர் கேட்பது: உடலுக்கு இதனால் என்ன பயன்? வளர்ந்தோர் வாரத்துக்கு 150 நிமிடமேனும் மிதமான உடலுழைப்பில் ஈடுபடுவது நன்று என உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. நகரத்தில் அமர்ந்து பணிசெய்வோர்க்கு மிதிவண்டி அவ்வகையில் உதவும். பகல் முழுதும் கல்லுடைத்துவிட்டுத் தண்ணீர்க் குடமும் சுமக்கும் தாய்க்கு உடற்பயிற்சியா குறைவு? சமதரையில் ஒரே தொலைவுக்கு, நடக்கும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே மிதிவண்டிக்குச் செலவாகும். ஆகவே அது அவளுக்குத் தருவது ஓய்வு. ஒரே பொருள் ஒருவருக்கு உழைப்பாகவும் மற்றொருவருக்கு ஓய்வாகவும் அமைவதை மருத்துவம் கருதவேண்டும்.

கலைஞர் கேட்பது: ஆணையால் ஆகாத ஒன்று பாட்டால் ஆனது எவ்வாறு? அறிவொளி இயக்கம் பாடல்களையும் வீதி நாடகங்களையும் பெரிதும் பயன்படுத்தியது. தனியே ஓட்டும் ஒருத்தியை ஊர் எள்ளி நகையாடும். நூறு பேர் கூடிப் பாடிச் செல்லும்போது நகைப்பவன் குரல் எடுபடாது. இஃது என் கருத்து. இதனை அளவுகோலால் அளக்க இயலாது. அன்று பாடியவர்களைக் கேட்டே அறிதல் வேண்டும்.

இனிச் சமூக நூலார் கேட்பது: மிதிவண்டியால்தான் வாழ்வு மாறியது என்று எவ்வாறு உறுதி கூறுவது? அதே காலத்தில் எழுத்தறிவும் பரவியது; பேருந்துகளும் சாலைகளும் காலப்போக்கில் பெருகின. எது காரணம்? இதற்கொரு வழியைப் பீகார் மாநிலம் காட்டுகிறது. அங்கு 2006 முதல் உயர்நிலைப்பள்ளி மாணவியர்க்கு மிதிவண்டிக்கான பணம் வழங்கப்பட்டது. கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்னும் பொருளியலறிஞர் இருவர், பீகார்ப் பெண்களை அங்குள்ள ஆண்பிள்ளைகளோடும், அத்திட்டமில்லாத அண்டை மாநிலமாகிய ஜார்க்கண்டின் பிள்ளைகளோடும் ஒப்பிட்டனர். 2017இல் வெளிவந்த அவர்களது ஆய்வின்படி, உரிய வயதில் உயர்நிலைப்பள்ளியில் சேர்ந்த பெண்கள் 32 விழுக்காடு மிகுந்தனர். பள்ளி தொலைவிலிருந்த ஊர்களிலேயே பயன் மிகுதியாகக் காணப்பட்டது. தடையாயிருந்தது தொலைவே என்பதற்கு இது சான்று.

மாணவர்களே, இவ்வைந்து கேள்விகளில் எந்த ஒன்றும் தனித்து நிற்பதில்லை என்பதைக் கவனியுங்கள். சமநிலை கைவராவிடில் ஊர்வலம் இல்லை. வண்டி கிடைக்காவிடில் பயிற்சி இல்லை. பாட்டு அச்சத்தைப் போக்காவிடில் வண்டியில் ஏறுவாரே இல்லை. ஆயினும் ஒவ்வொன்றுக்கும் சான்று வேறு. ஒன்றுக்குச் சோதனை, ஒன்றுக்குக் கணக்கு, ஒன்றுக்கு ஒப்பீடு, ஒன்றுக்கு வாய்மொழி. எந்தக் கேள்விக்கு எந்தச் சான்று பொருந்தும் என்று தெரிந்து கேட்பதே கல்வியின் பயன்.

உங்களிடம் ஒரு வேலையை ஒப்படைக்கிறேன். 1991இல் முப்பது வயதில் மிதிவண்டி பழகிய பெண்கள் இன்று அறுபதைக் கடந்துவிட்டார்கள். அவர்களுள் ஒருவர் உங்கள் அப்பத்தாவாகவோ அம்மாச்சியாகவோ இருக்கலாம். முதன்முதலில் தனியே எங்குச் சென்றார்கள்? வண்டியை யார் வாங்கித் தந்தார்? யார் தடுத்தார்? மிஞ்சிய நேரத்தை எதற்குச் செலவிட்டார்கள்? கேட்டு, அவர்கள் சொன்ன சொல் மாறாமல் எழுதி வையுங்கள். பத்தாண்டு கழிந்தபின் இக்கேள்விகளுக்கு விடை கூற அவர்களிற் பலர் இருக்கமாட்டார்கள்.