திரைக்குப் பின்னே ஒரு திரை!

சினிமா! இந்த மூன்றெழுத்துச் சொல்லுக்கு மயங்காத தமிழர் உண்டா? ஆனால் நண்பர்களே, நான் எழுத வந்தது சினிமாவைப் பற்றி அல்ல, சினிமா உலகைப் பற்றி எடுக்கப்படும் ஆவணப்படங்களைப் பற்றி. "ஆவணப்படமா? தூக்கம் வருமே!" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள்.

ஒரு காலத்தில் தியேட்டரில் மெயின் படத்துக்கு முன்னால் அரசு நியூஸ் ரீல் ஓடும். அது முடிகிறவரைக்கும் வெளியே நின்று டீ குடிப்பார்களாம், எங்கப்பா சொல்வார். இன்றோ நிலைமை தலைகீழ்! யஷ் சோப்ராவைப் பற்றி 'தி ரொமான்டிக்ஸ்' (2023), சலீம்–ஜாவேத் இரட்டையரைப் பற்றி 'ஆங்ரி யங் மென்' (2024), ராஜமௌலியைப் பற்றி 'மாடர்ன் மாஸ்டர்ஸ்' (2024) என்று வரிசையாக வருகின்றன. விடிய விடியப் பார்க்கிறோம்.

காரணம் என்ன? மேஜிக்காரன் முயலை எங்கே ஒளித்து வைத்தான் என்று தெரிந்துகொள்ளும் ஆசைதான். அத்துடன், பெரிய நட்சத்திரமும் நம்மைப் போல அழுகிறாரே என்று ஒரு நெருக்கம் வந்துவிடுகிறது.

ஆனால் இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 'தி ரொமான்டிக்ஸ்' படத்தைத் தயாரித்தது யஷ் சோப்ராவின் சொந்த நிறுவனத்தின் கிளை. 'ஆங்ரி யங் மென்' தயாரித்தவை சலீம், ஜாவேத் ஆகியோரின் பிள்ளைகளுடைய நிறுவனங்கள். மாப்பிள்ளையே மாப்பிள்ளைக்கு நற்சான்று கொடுத்த மாதிரி! பழைய காட்சிகள் யார் கையில் இருக்கிறதோ அவர் சொல்வதுதான் கதை.

எங்கள் கோவளத்துக்குத் தெற்கே மாமல்லபுரத்தில் 2022 ஜூன் 9 அன்று நயன்தாராவின் திருமணம் நடந்தது. அதை உள்ளடக்கிய ஆவணப்படம் 2024 நவம்பரில் வந்தது. அதில் 'நானும் ரௌடிதான்' (2015) படப்பிடிப்பில் எடுத்த சில நொடிக் காட்சி இருந்தது. வெறும் மூன்று நொடிக்காகப் பத்துக் கோடி கேட்டு, அந்தப் படத்தின் தயாரிப்பாளர் தனுஷ் தரப்பு நோட்டீஸ் அனுப்பியதாக நயன்தாரா பகிரங்கக் கடிதமே எழுதினார். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. மூன்று நொடிக்கு இவ்வளவு மதிப்பா என்று எங்கள் தெருவே வாயைப் பிளந்தது!

வெளியாள் எடுத்த நல்ல படமும் உண்டு. தமிழ் தெரியாமலே எம்.ஜி.ஆரின் முதல் படமான 'சதி லீலாவதி'யை (1936) இயக்கிய அமெரிக்கர் எல்லிஸ் ஆர். டங்கனைப் பற்றி, கரண் பாலி 2013-ல் 'அன் அமெரிக்கன் இன் மெட்ராஸ்' எடுத்தார். இதெல்லாம் இல்லாவிட்டால் நமக்கு என்ன மிஞ்சும்? முதல் தமிழ் பேசும் படமான 'காளிதாஸ்' (1931) பிரதியே இன்று இல்லை. பிலிமில் இருக்கும் வெள்ளிக்காக உருக்கப்பட்ட பழைய படங்கள் எத்தனையோ!

இவ்வளவு அக்கறை எனக்கு எதற்கு என்கிறீர்களா? எங்கப்பா லைட்மேன். ஈ.சி.ஆர். ஷூட்டிங் பங்களாக்களில் இருபது வருஷமாக லைட் தூக்குகிறார். 2020 பிப்ரவரி 19 இரவு, பூந்தமல்லி பக்கம் 'இந்தியன் 2' செட்டில் கிரேன் சரிந்து மூன்று தொழிலாளிகள் இறந்தார்கள். அப்பா அன்றைக்கு எந்த ஷூட்டிங் என்று எங்களுக்குத் தெரியாது, போனும் கிடைக்கவில்லை. அம்மா விடியற்காலை வரை பஸ் ஸ்டாப்பிலேயே நின்றார்கள். அப்பா வேறு இடத்தில் இருந்தார், வந்துவிட்டார். நான் பார்த்த எந்த ஆவணப்படத்திலும் அந்த மாதிரி ராத்திரி ஒன்றும் இல்லை.

அப்பாவோடு உட்கார்ந்து பார்த்தால் அவர் ஹீரோயினைப் பார்க்க மாட்டார். "நிறுத்து! ஓரத்துல தெர்மாகோல் புடிச்சிருக்கான் பாரு, கையி எப்படி வலிக்கும் தெரியுமா?" என்பார்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான், அதுவும் எலக்ட்ரிகல். செமஸ்டர் லீவில் அப்பாவைப் பேசவைத்து செல்போனில் பதிவு செய்ய ஆரம்பித்திருக்கிறேன். ஈர மணலில் கேபிள் இழுக்கும்போது ஷாக் அடிக்காமல் எர்த் கொடுப்பது எப்படி, அதுதான் முதல் பாடம். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். நான் கேமராவை ஆன் செய்ததும் எழுந்து போய் டியூப்லைட்டை அணைத்துவிட்டு ஜன்னலைத் திறந்தார்.

"மூஞ்சில லைட்டு தட்டையா விழுது தம்பி. இப்ப எடு."