அடுப்பைப் பார்த்தீர்களா?

கல்யாணத்துக்குப் புறப்படும் அவசரம். வாசலில் வண்டி காத்திருக்கிறது. கொல்லையில் வெந்நீர் அடுப்பு எரிகிறது. "அதுவாக அணைந்துவிடும்" என்று கதவைப் பூட்டுகிறீர்கள், இல்லையா? காஸ் வந்த பிறகும் வெந்நீருக்கு விறகு எரிக்கும் வீடுகள் இன்றும் உண்டு.

விறகு உள்ளே எரிய எரிய, நெருப்பு வெளிப்பக்கம் ஊர்ந்து வரும். நீங்கள் இருந்தால் கட்டையை உள்ளே தள்ளுவீர்கள். ஆளில்லாத வீட்டில் யார் தள்ளுவது? கட்டை சரிந்து தரையில் விழும். பக்கத்திலேயே நாளைக்கென்று சுள்ளியும் தென்னை மட்டையும் உலர்கின்றன!

"தணலைச் சாம்பலால் மூடிவிட்டேனே" என்பீர்கள். அம்மணி, அது அணைப்பதல்ல; காப்பாற்றுவது! காலையில் அடுப்பு மூட்ட நெருப்பு வேண்டும் என்றுதானே பாட்டி அப்படி மூடி வைத்தாள்?

அணைந்துவிட்டது என்ற நம்பிக்கை ஒரு நகரத்தையே எரித்த கதை தெரியுமா? 1666 செப்டம்பர் 2, விடியுமுன், லண்டனில் தாமஸ் ஃபாரினர் என்பவரின் ரொட்டிக் கடையில் தீப்பிடித்தது. அடுப்பை அணைத்துவிட்டே படுத்ததாக அவர் சாதித்தார். குடும்பத்தார் மாடி ஜன்னல் வழியே தப்பினார்கள். வெளியே ஏறப் பயந்த வேலைக்காரப் பெண் தப்பவில்லை. நான்கே நாளில் ஏறத்தாழ 13,200 வீடுகள் சாம்பலாயின.

ஆகவே, புறப்படக் கால்மணி முன்பே கட்டைகளை வெளியே இழுத்து, சீறல் அடங்கும்வரை தண்ணீர் தெளியுங்கள். தணலுக்கும் அப்படியே, முகத்தை எட்ட வைத்துக்கொள்ளுங்கள், ஆவி அடிக்கும். சாம்பலுக்கு மேலே கையை நீட்டிப் பாருங்கள். சூடு தெரிந்தால் இன்னொரு செம்பு. சுள்ளிகளைத் தள்ளி வையுங்கள்.

திருடனுக்குப் பயந்து பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்க்கிறோம். உள்ளேயே இருப்பவனை ஒரு தரம் பார்க்கக் கூடாதா?