வீட்டைக் கட்டுகிறவர் யார்?
வெளிநாட்டுத் தொண்டர் குழுக்களைக் குறித்து ஓர் இறையியல் சிந்தனை

கடந்த சில பத்தாண்டுகளாக மேலைநாட்டுத் திருச்சபைகளில் ஓர் ஊழிய முறை வேரூன்றியுள்ளது. மாணவர், அலுவலர், ஓய்வு பெற்றோர் எனப் பல நிலையினர் சிறு குழுக்களாகச் சேர்ந்து மெக்சிகோ, ஹோண்டுராஸ், பிலிப்பைன்ஸ், இந்தியா போன்ற நாடுகளுக்குச் செல்கின்றனர். ஓரிரு வாரங்கள் தங்கி, நல்ல வீடின்றித் தவிக்கும் ஒரு குடும்பத்துக்கு வீடு கட்டும் பணியில் கைகொடுத்துத் திரும்புகின்றனர். பயணச் செலவைப் பெரும்பாலும் அவர்களே ஏற்கின்றனர். இதனை அன்பின் கனி என்று போற்றுவோர் உளர். பக்தி வேடம் பூண்ட சுற்றுலா என்று இகழ்வோரும் உளர்.

இவ்விரண்டு தீர்ப்புகளில் ஒன்றை அவசரமாகத் தெரிந்துகொள்வது நமது நோக்கமன்று. இத்தகைய குழுக்களை வரவேற்கும் இடத்தில் நமது சபைகள் இருப்பதால், அடிப்படையான ஒரு கேள்வியை எழுப்புவது நமது கடமையாகிறது. அவ்வீட்டை உண்மையில் கட்டுகிறவர் யார்? இக்கேள்விக்கு நாம் தரும் விடையைப் பொறுத்தே அவ்வூழியம் தோழமையாகவோ தருமமாகவோ அமையும்.

1. சூசானிலிருந்து வந்தவர்

தொலைதேசத்திலிருந்து வந்து கட்டடப்பணியை முன்னின்று நடத்திய ஒருவரைத் திருமறை நமக்குக் காட்டுகிறது. பெர்சிய அரசனின் பானபாத்திரக்காரனாகிய நெகேமியா சூசானிலிருந்து எருசலேமுக்கு வந்தார். அவருடைய நூலில் மூன்று செய்திகள் நமது கருத்துக்கு உரியன.

முதலாவது, அவர் வந்தவுடன் வேலையைத் தொடங்கவில்லை. மூன்று நாள் அங்கே இருந்தார், பின்பு இரவிலே சிலரோடு மட்டும் சென்று இடிந்த மதிலைச் சுற்றிப் பார்த்தார் (நெகே. 2:11-16). திட்டத்தை அறிவிக்குமுன் நிலைமையை அறிந்துகொண்டார்.

இரண்டாவது, மூன்றாம் அதிகாரம் முழுவதும் கட்டினவர்களின் பெயர்ப் பட்டியலாக உள்ளது. ஆசாரியரும் தட்டாரும் தைலக்காரரும் வணிகரும் அதில் இடம்பெறுகின்றனர். சல்லூமின் குமாரத்திகளும் கட்டினர் (3:12). பலர் தத்தம் வீட்டுக்கு எதிரேயுள்ள பகுதியையே கட்டினர். அப்பட்டியலில் நெகேமியா என்னும் பெயர் ஒருமுறை வருகிறது. ஆனால் அவர் அஸ்பூகின் குமாரன், வேறொருவர் (3:16). சூசானிலிருந்து வந்தவரும் அவ்வேலையில் ஊன்றி நின்றார் என்பது 5:16ஆல் தெளிவாகிறது. ஆயினும் கட்டினவர்களின் பட்டியலில் அவர் பெயர் இல்லை.

மூன்றாவது, மதில் எழும்பிக்கொண்டிருக்கும்போதே ஏழைகளின் கூக்குரல் எழுந்தது. தானியத்திற்காகத் தங்கள் நிலங்களையும் வீடுகளையும் அடகு வைத்தவர்கள், வட்டிக்குக் கடன்பட்டவர்கள், பிள்ளைகளை அடிமைத்தனத்திற்கு ஒப்புக்கொடுத்தவர்கள் முறையிட்டனர். வேலை நடக்கட்டும், கடனைப் பிறகு பார்ப்போம் என்று நெகேமியா தட்டிக்கழிக்கவில்லை. சபையைக் கூட்டி, வட்டியை விடவும், நிலத்தையும் வீட்டையும் திருப்பிக் கொடுக்கவும் செய்தார் (5:1-13). மக்களுக்குப் பாரமாகாதபடி அதிபதிக்குரிய படியையும் அவர் வாங்கவில்லை (5:14-18).

அந்நியரை விலக்கும் நெகேமியாவின் கண்டிப்பை நாம் அப்படியே ஏற்பதற்கில்லை. ஆனால் முதலில் பார்த்தல், வீட்டுக்குரியவரே கட்டுதல், நிலத்தையும் கடனையும் சரிசெய்தல் என்னும் மூன்றும் எக்காலத்துக்கும் பொருந்தும் அளவுகோல்கள் எனலாம். இவற்றைக் கையிற்கொண்டு அண்மைக்கால வரலாற்றை நோக்குவோம்.

2. பீகாருக்கு வந்த சுவிஸ் பொறியாளர்

நாடு கடந்து சென்று வீடு கட்டும் தொண்டு விமானப் பயணம் மலிந்த காலத்தில் தோன்றியதன்று. முதல் உலகப் போரில் அழிந்த பிரான்சின் வெர்டன் பகுதியில், எஸ்ன் என்னும் சிற்றூரை மீண்டும் கட்டுவதற்கு 1920இல் ஒரு சிறு குழு சென்றது. அதனை அழைத்துச் சென்றவர் பியேர் செரெசோல் என்னும் சுவிஸ் பொறியாளர். கிறிஸ்துவின் போதனைக்கும் போருக்கும் உடன்பாடில்லை என்று நம்பிப் போர்ப்பணியை எதிர்த்தவர்; அதற்காகச் சிறை சென்றவர். அக்குழுவில் ஜெர்மானியரும் இருந்தனர். நேற்றைய பகைவர் இடித்த ஊரை, அப்பகைவரின் நாட்டாரும் சேர்ந்து கட்ட வேண்டும் என்பதே அவர் கருத்து. காயம் ஆறாத அவ்வூர் ஜெர்மானியரை ஏற்க இயலாமற்போனதால் சில மாதங்களில் பணி நின்றது. கருத்தோ நிற்கவில்லை. சர்வதேச சிவில் தொண்டு என்னும் இயக்கம் அதிலிருந்தே வளர்ந்தது.

1934ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் பீகாரைப் பெரும் பூகம்பம் தாக்கியது. ராஜேந்திர பிரசாத்தின் தலைமையில் மத்திய நிவாரணக் குழு இயங்கியது. செரெசோல் அவ்வாண்டிலேயே இந்தியாவுக்கு வந்தார். காந்தியடிகளையும் நிவாரணப் பணியின் தலைவர்களையும் சந்தித்து, அழிந்த பகுதிகளைப் பார்வையிட்ட பின்னரே தொண்டர்களோடு பணியில் இறங்கினார். அவரோடு வந்த ஐரோப்பியர் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. உழைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் அக்கிராம மக்கள். 1937 வரை அப்பணி நடந்தது.

இந்தியா அந்நிய ஆட்சியின்கீழ் இருந்த காலம் அது. ஆளும் இனத்தாராகவே ஐரோப்பியரைக் கண்டு பழகிய கிராமத்தில், ஐரோப்பியர் சிலர் மண் சுமந்தனர். அவர்கள் சுமந்த மண்ணின் அளவு சொற்பம். அக்காட்சியின் பொருளோ பெரிது. வெளிநாட்டுத் தொண்டரின் வருகையில் பணத்தால் அளவிட முடியாத ஒன்று உண்டு என்பதற்கு இதுவே சான்று. ஒப்புரவு நேரில் வந்தே நிகழ வேண்டியது.

3. கொயினோனியாப் பண்ணை

இன்று உலகெங்கும் அறியப்பட்டுள்ள ‘ஹாபிடாட் ஃபார் ஹியூமானிட்டி’ இயக்கத்தின் வேர் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், அமெரிக்கஸ் என்னும் ஊரின் அருகே உள்ளது. 1942இல் கிளாரன்ஸ் ஜார்டனும் அவருடைய தோழர்களும் அங்கே ஒரு பண்ணையை நிறுவினர். ஜார்டன் வேளாண்மையில் பட்டமும், புதிய ஏற்பாட்டுக் கிரேக்கத்தில் முனைவர் பட்டமும் பெற்றவர். ஆதித் திருச்சபையின் பொதுவாழ்வைக் குறிக்கும் கொயினோனியா என்னும் சொல்லையே (அப். 2:42) பண்ணைக்குப் பெயராக இட்டார். அங்கே கறுப்பரும் வெள்ளையரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்டனர்.

அந்தப் பந்திக்கு அவர்கள் கொடுத்த விலை பெரிது. 1950இல் அருகிலிருந்த பாப்டிஸ்ட் சபை அவர்களைத் தன் உறுப்பினரிலிருந்து நீக்கியது. பின்னர் வணிகர் பண்ணைக்குப் பொருள் விற்க மறுத்தனர். துப்பாக்கிச் சூடும் வெடிகுண்டும் தொடர்ந்தன. சமபந்தியின் பொருளை அறிந்த நமக்கு இவ்வரலாறு புதிதன்று.

வழக்கறிஞரும் வணிகருமான மில்லார்ட் ஃபுல்லர் இளவயதிலேயே பெரும் செல்வராகி, 1965இல் தம் மனைவியோடு சேர்ந்து அச்செல்வத்தைத் துறந்தார். 1968இல் ஜார்டனும் அவரும் கூடிச் சிந்தித்து ஒரு திட்டத்தை வகுத்தனர். பண்ணையைச் சுற்றியிருந்த கறுப்பின உழவுத் தொழிலாளர் ஒழுகும் குடிசைகளில் வாழ்ந்தனர். அவர்களுக்கு வீட்டைத் தானமாகக் கொடுப்பதில்லை. இலாபத்துக்கு விற்பதும் இல்லை. அடக்க விலையில், வட்டியின்றி, பல ஆண்டுத் தவணையில் கொடுப்பது. திரும்பி வரும் தவணையைப் பொதுநிதியில் சேர்த்து அடுத்த வீட்டைக் கட்டுவது. ஏழைக்குக் கொடுத்த பணத்துக்கு வட்டி வாங்கலாகாது என்னும் யாத்திராகமக் கட்டளையே (22:25) இதன் அடிப்படை. வீட்டைப் பெறும் குடும்பமும் கட்டும் வேலையில் உழைத்தது. பிற்காலத்தில் இது ‘வியர்வைப் பங்கு’ என்று பெயர் பெற்றது. முதல் வீடு எழும்பிக்கொண்டிருக்கும்போதே, 1969இல் ஜார்டன் மறைந்தார்.

1973முதல் 1976வரை ஃபுல்லர் குடும்பத்தார் ஆப்பிரிக்காவில், அன்று ஜயர் என வழங்கிய காங்கோ நாட்டின் ம்பண்டாக்கா நகரில் இம்முறையைச் செயற்படுத்தினர். அவர்கள் திரும்பிய 1976இலேயே ஹாபிடாட் அமைப்பு தோன்றியது. 1983இல் ஆந்திரத்தின் கம்மத்தில் அதன் இந்தியப் பணி தொடங்கியது. முன்னாள் குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டர் 1984முதல் தம் மனைவியோடு சுத்தியலைக் கையில் எடுத்தபின் அதன் புகழ் பரவியது. 2006இல் மகாராஷ்டிரத்தின் லோனாவாலா அருகே அவர்களும் பல நாட்டுத் தொண்டர்களும் வீடு கட்டும் பணியில் ஈடுபட்டனர்.

இத்திட்டத்தின் இதயம் தொண்டரின் சுத்தியலில் இல்லை. கடன் பத்திரத்தில் உள்ளது. வட்டியற்ற கடனைத் தவணை தவறாமல் செலுத்தும் குடும்பம், தான் அறியாத வேறொரு குடும்பத்தின் வீட்டைக் கட்டுகிறது. பெற்றவரே கொடுப்பவராகிறார். நெகேமியா 5ஆம் அதிகாரத்துக்கு நம் காலத்தில் எழுதப்பட்ட விளக்கவுரை என்று இதனைச் சொல்லலாம்.

4. ஹோண்டுராஸ் எழுப்பும் வினா

1998ஆம் ஆண்டு ‘மிட்ச்’ என்னும் புயல் மத்திய அமெரிக்காவைச் சூறையாடியது. ஹோண்டுராஸ் நாட்டில் ஆயிரக்கணக்கானோர் இறந்தனர். மிகப் பலர் வீடிழந்தனர். வட அமெரிக்கச் சபைகளிலிருந்து தொண்டர் குழுக்கள் வீடு கட்ட விரைந்தன. சில ஆண்டுகளுக்குப் பின் கர்ட் வேர் பீக் என்னும் கிறிஸ்தவச் சமூகவியலாளர், இக்குழுக்கள் கட்டிய வீடுகளில் வாழ்ந்தோரையும், உள்ளூரார் கட்டிய வீடுகளில் வாழ்ந்தோரையும் ஒப்பிட்டு ஆராய்ந்து, 2006இல் முடிவுகளை வெளியிட்டார்.

அம்முடிவுகள் நம்மை நிறுத்திச் சிந்திக்க வைப்பன. யார் கட்டினார் என்பதால் அக்குடும்பங்களின் வாழ்வில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஒரு குழு வந்து தங்கி ஒரு வீட்டைக் கட்டித் திரும்பும் செலவு ஏறத்தாழ 30,000 டாலர். அவ்வீட்டை உள்ளூரார் கட்டியிருந்தால் ஏறத்தாழ 2,000 டாலர். சென்று வந்தவரில் பலர் தங்கள் ஈகை பெருகிற்று என்று கூறினர். அவர்கள் உண்மையில் கொடுத்த காணிக்கைக் கணக்கோ அந்த அளவுக்கு மாறவில்லை.

அப்படியாயின் பணத்தை மட்டும் அனுப்பினால் போதாதா? இவ்வினாவை எளிதில் தள்ளிவிட இயலாது. பெத்தானியாவில் தைலம் ஊற்றப்பட்டபோது இதைப் போன்ற கணக்கைச் சிலர் போட்டனர், ஆண்டவர் அவர்களைக் கடிந்தார் என்று பதில் சொல்வோர் உண்டு (மாற்கு 14:3-9). ஆனால் அத்தைலம் ஆண்டவரின் தலையில் ஊற்றப்பட்டது என்பதை நாம் மறக்கலாகாது. சிறியவரில் கிறிஸ்துவைக் காண்பது நம் விசுவாசமாயின், அச்செலவினால் கனம் பெற வேண்டியவர் வீடற்ற அக்குடும்பத்தாரே. பயணம் செய்தவர் மகிழ்ந்தார் என்பது மட்டும் போதுமான விடையாகாது.

மறுபுறம், காசோலை அயலானை உண்டாக்காது. வெர்டனிலும் பீகாரிலும் கொயினோனியாவின் பந்தியிலும் நிகழ்ந்ததை அஞ்சல்வழி அனுப்ப முடியாது. ஆகையால் வருகை வேண்டும். ஆனால் அது தன் விலைக்குத் தக்க தோழமையாக இருத்தல் வேண்டும். வருமுன் கேட்டறிதலும், போனபின் தொடரும் உறவும் இல்லாத பத்து நாள் இவ்விலைக்கு ஈடாகாது.

5. நமது சபைகளுக்குச் சில ஆலோசனைகள்

ஒரு வெளிநாட்டுச் சபை குழுவை அனுப்ப விரும்பிக் கடிதம் எழுதும்போது, போதகரும் குருசேகரக் குழுவினரும் பின்வருவனவற்றை ஆராய்வது நலம்.

முதலாவது, நிலம். செங்கலை எவரும் அடுக்கலாம். பட்டாவைத் தொண்டர் குழு பெற்றுத்தர இயலாது. புறம்போக்கில் கட்டிய வீடு, அடுத்த வெளியேற்ற ஆணை வரையே வீடு. பட்டாவுக்காக வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் பலமுறை நடப்பதைப் புகைப்படம் எடுப்பார் இல்லை. எனினும் அதுவே அஸ்திவாரம்.

இரண்டாவது, தெரிவு. எக்குடும்பத்துக்கு வீடு? குழுவில் உறவினர் உள்ளவருக்கா? சபையின் பெரும்பான்மைச் சாதியாருக்கா? தெரிவின் விதிகளை முன்னரே அறிவித்து, ஊரார் அறியத் தெரிந்தெடுத்தல் வேண்டும்.

மூன்றாவது, கூலி. கொத்தனாரும் சித்தாளும் அன்றாடக் கூலியால் வாழ்பவர்கள். விருந்தினர் கலவை சுமக்கும் பத்து நாளில் ஒரு சித்தாளின் அடுப்பு அணையக்கூடாது. கொத்தனாரே வேலைக்குத் தலைவர்; விருந்தினர் அவர் சொற்படி செய்யும் கையாட்கள். இம்முறை மாறினால் சுவரும் கோணும், உறவும் கோணும்.

நான்காவது, குடும்பத்தின் பங்கு. உழைப்பாலோ தவணையாலோ அக்குடும்பம் பங்கேற்க வழி வேண்டும். அது அவர்களுடைய தகுதியைச் சோதிப்பதற்காக அன்று. அவர்கள் எவருக்கும் கடமைப்படாமல் தலைநிமிர்ந்து வாழ்வதற்காக.

ஐந்தாவது, கல்வெட்டு. கொடையாளரின் பெயரைச் சுவரில் பொறிப்பதில் நம்மவருக்குள்ள ஆசை பெரிது. ஒரு குடும்பம் நாள்தோறும் தன் வாசற்படியில் பிறர் பெயரை வாசித்து நுழைய வேண்டுமா? நெகேமியாவின் பட்டியலை நினைவிற்கொள்வோம்.

உபாகமத்தில் நாம் அதிகம் பிரசங்கியாத ஒரு கட்டளை உண்டு. கடன் கொடுத்தவன் அடகை எடுக்கும்படி ஏழையின் வீட்டுக்குள் புகலாகாது. வெளியே நிற்க வேண்டும். வீட்டுக்காரனே அதை வெளியே கொண்டுவருவான் (24:10-11). கொடுத்தவன் என்பதால் உள்ளே நுழையும் உரிமை அவனுக்கு இல்லை. குடிசையாயினும் அவ்வாசலுக்கு உரியவன் அவ்வீட்டானே. கடன் கொடுத்தவனுக்கே இது விதியாயின், செங்கல் கொடுத்தவருக்கும், உழைப்பைக் கொடுத்தவருக்கும், ஏன், ஏற்பாடு செய்த போதகருக்கும் அதுவே விதி.

ஆகவே வீட்டுப் பிரதிஷ்டை நாளில் திறவுகோல் முன்னரே அக்குடும்பத்தாரின் கையில் இருக்கட்டும். வெளிநாட்டு விருந்தினரும் ஆயரும் சபையாரும் வாசலில் நிற்போம். வீட்டுக்கு உரியவர்கள் கதவைத் திறந்து அழைக்கும்போது உள்ளே சென்று, அவர்கள் பரிமாறுவதை நன்றியோடு உண்போம்.