மாணவர் ஆக்கமும் நூலுரிமையும்

நன்னூல் செய்த பவணந்தி முனிவர் நூலை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என மூவகையாக வகுத்தார். பாயிரத்தில் ஆக்கியோன் பெயரும் நூல் வந்த வழியும் இருக்க வேண்டும் என்றும் விதித்தார். அவரை ஆதரித்த சீயகங்கன் கங்க மரபினன். கங்கர்களோ நம் தலக்காட்டிலிருந்து ஆண்டவர்கள்.

இதை நினைக்க வைத்தவள் என் பேத்தி. கல்லூரிக்காக அறுபது பக்கம் புராஜெக்ட் எழுதினாள். படிக்கக் கேட்டு வாங்கிப் போன ஒருவர், அட்டையை மாற்றித் தன் பெயரில் கொடுத்துவிட்டார். "இனிமே யாருக்கும் எதுவும் காட்ட மாட்டேன் தாத்தா" என்று அழுதாள். அன்றிரவு கடையடைத்து வந்து சட்டப் புத்தகத்தைப் புரட்டினேன்.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 17ஆம் பிரிவின்படி முதல் உரிமையாளர் எழுதியவரே. மாணவர் சம்பளத்துக்கு எழுதுபவர் அல்லர். வேறு ஒப்பந்தம் இல்லாதவரை உரிமை அவருடையது. பதிவு செய்ய வேண்டியதில்லை. ஆயுள் முழுதும், அதன்பின் 60 ஆண்டுகளும் அது நிற்கும். உரிமையை விற்றாலும் "இது நான் எழுதியது" என்று சொல்லும் உரிமை போகாது என்கிறது 57ஆம் பிரிவு. ஆனால் இவ்வுரிமை எழுதிய வடிவத்துக்குத்தான், கருத்துக்கு இல்லை.

அப்படியானால் பூட்டி வைப்பதா? நம் ஊரே வழி காட்டியிருக்கிறது. 2000இல் மைசூர்ப் பல்கலைக்கழக நூலகவியல் துறையில், பேராசிரியை ஷாலினி அர்ஸ் முயற்சியில் 'வித்யாநிதி' தொடங்கியது. முனைவர் பட்ட ஆய்வேடுகளை மின்வடிவில் திரட்டும் பணி அது. 2009இல் பல்கலைக்கழக மானியக் குழு, ஆய்வேட்டை மின்வடிவிலும் தர வேண்டும் என விதித்தது. அவை இன்று காந்திநகர் இன்ஃப்ளிப்நெட் நடத்தும் 'சோத்கங்கா'வில் சேர்கின்றன. அலமாரியில் தூங்கும் ஏட்டைத் திருடினால் யாருக்குத் தெரியும்? பெயரும் தேதியும் போட்டு ஊரறிய வைத்ததைத் திருடினால் சீக்கிரம் அகப்படும்.

எங்கள் சமணரிடையே சாஸ்திரதானம் என்று உண்டு. ஏட்டைப் படியெடுத்துக் கொடுப்பது புண்ணியம்; ஆக்கியோன் பெயரை அழிப்பது அதில் சேராது. 2002இல் வந்த 'கிரியேட்டிவ் காமன்ஸ்' உரிமங்களும் ஏறக்குறைய இதையே சொல்கின்றன: எடுத்துக்கொள், பெயரைச் சொல்.

பெற்றோர்க்கு ஒரு வார்த்தை. பிள்ளை எழுதியதில் பெயரும் தேதியும் இருக்கிறதா என்று பாருங்கள். பிறர் படமோ பத்தியோ இருந்தால், யாருடையது என்று எழுதச் சொல்லுங்கள். அனுமதி வேண்டியதற்கு அனுமதி வாங்கச் சொல்லுங்கள். பிறகு தாராளமாகப் பகிரட்டும். வரவை எழுதாமல் செலவு மட்டும் எழுதினால் எந்தப் பேரேடும் நேராகாது.

பேத்தி இப்போது தன் ஏட்டைச் சங்க நூலகத்துக்கே கொடுத்திருக்கிறாள். முதல் பக்கத்தில் அவள் பெயர் இருக்கிறது. உதவியவர் பெயர்களும் இருக்கின்றன.