வீடு பார்க்கப் போகிறீர்களா? மழை பெய்த மறுநாள் போங்கள்!

பி.எப். பணம், மனைவியின் நகை, 20 வருட பேங்க் கடன். இவ்வளவையும் கொட்டி வாங்கும் வீட்டைப் பலர் அரை மணி நேரம்கூடப் பார்ப்பதில்லை. அதிலும் பாதி நேரம் வாஸ்துவுக்குப் போய்விடுகிறது!

"காத்து பிச்சுக்கிட்டு வரும் சார். ஸ்டேஷன் அஞ்சு நிமிஷம்தான்" என்பார் புரோக்கர். அந்த 5 நிமிடம் எந்த வண்டியில் என்று கேட்க வேண்டும்.

சென்னையில் வேளச்சேரி, முடிச்சூர் பக்கம் வீடு பார்ப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை வெயிலில் போகாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை கொட்டிய மறுநாள் போங்கள். 2015 டிசம்பரில் இந்தப் பகுதிகள் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வெள்ளம் புகுந்தது. எதுவரை தண்ணீர் வந்தது என்று விற்கிறவரிடம் கேட்டுப் பிரயோஜனம் இல்லை. தெருமுனை இஸ்திரிக்காரரைக் கேளுங்கள். "முட்டி வரைக்கும் வந்துச்சு, மோட்டார் முங்கிப் போச்சு" என்று மறைக்காமல் சொல்லுவார். அவருக்குக் கமிஷன் இல்லையே!

பெயிண்ட் வாசனையா? உஷார்!

பழைய வீட்டில் புதுப் பெயிண்ட் வாசனை மூக்கைத் துளைக்கிறதா? பீரோவை நகர்த்தச் சொல்லிப் பாருங்கள். உப்புப் பூத்து, பெயிண்ட் பொரிந்திருந்தால் அது ஓதம். பாத்ரூம் சுவரின் மறுபக்கத்தையும் தொட்டுப் பாருங்கள்.

மயிரிழை வெடிப்பு பெரும்பாலும் பூச்சு வேலையில் வருவது. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடி, காசு நுழைகிற அகலம் இருந்தால், இன்ஜினீயர் பார்க்காமல் பேச்சே வேண்டாம். கீழே கார் நிறுத்தும் இடத்தில் தூண்களையும் பாருங்கள். காரை பெயர்ந்து துருக்கம்பி பல்லை இளிக்கிறதா? அந்தச் செலவு நாளைக்கு உங்கள் தலையிலும் விழும்.

குழாய் வாயில் வெள்ளையாகப் படிந்திருந்தால் உப்புத் தண்ணீர். மே மாதத்தில் லாரி எத்தனை தடவை வந்தது என்று வாட்ச்மேனிடம் விசாரியுங்கள். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு ஊரே குடத்துடன் அலைந்ததே!

"ஆயிரம் சதுர அடி" எங்கே?

டேப் எடுத்துப் போய் அளந்து பாருங்கள். மாடிப்படி, வராந்தா, லிப்ட் எல்லாம் சேர்த்துச் சொன்ன கணக்கு அது. 2016-ல் வந்த ரியல் எஸ்டேட் சட்டப்படி புதுக் கட்டிடங்களுக்கு உள் அளவைச் சொல்ல வேண்டும். பழைய பிளாட் விற்கிறவர்கள் பழைய கணக்கையே பாடுவார்கள். மனையில் உங்களுக்கு வரும் பங்கு எவ்வளவு என்பதைப் பத்திரத்தில் பாருங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம்.

"இன்னும் ரெண்டு பார்ட்டி வர்றாங்க, இப்பவே டோக்கன் போடுங்க" என்று அவசரப்படுத்துவார்கள். மூலப்பத்திர நகலும் 30 வருட வில்லங்கமும் பார்க்கும்வரை பாக்கெட்டில் கை வைக்காதீர்கள். வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம்.

முகூர்த்த நாளில் ராத்திரி 8 மணிக்கு ஒரு தடவை அந்தத் தெருப் பக்கம் போங்கள். பின்னால் கல்யாண மண்டபம் இருப்பது அப்போதுதான் காதில் விழும்!