அட்டைத் தூணுக்குச் சாய்வெட்டுக் கட்டை

பினாங்கு கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையை நீங்கள் அறிவீர்கள். முன்னாளில் பிட் ஸ்திரீட் என்றார்கள். 1801-இல் தொடங்கிய பள்ளிவாசலும், சீனர்களின் குவான் யின் கோயிலும் அங்கேதான் உள்ளன. அந்தப் பகுதிக் கடைவீடுகளின் முன்னால் ஐந்தடி நடைபாதை. அதன் மேல்மாடியைத் தாங்கச் சதுரத் தூண்கள்.

ஒரு முறை என் வகுப்புப் பிள்ளைகள் அந்தக் கடைவீடுகளை அட்டையில் செய்தார்கள். சுவர் நன்றாக வந்தது. தூண்தான் காலை வாரியது. மூலைகள் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. "கத்தியைச் சாய்த்துப் பிடித்து வெட்டு" என்று நான் சொல்ல, ஒரு பையனின் கட்டைவிரலில் இரத்தம். தவறு என்னுடையது. கைக்குச் சாய்வு தெரியாது, கட்டைக்குத் தெரியும்.

5 சென்டிமீட்டர் சதுரமும் ஒரு சாண் நீளமும் உள்ள மரக்கட்டையை மூலைக்கு மூலை, நீளவாக்கில் அறுத்துத் தரும்படி தச்சரிடம் கேளுங்கள். முக்கோணமாய் இரண்டு கிடைக்கும். ஒன்று பக்கத்து வீட்டுக்கு. ஒரு பக்கம் படுக்கை, ஒரு பக்கம் நிமிர்ந்த சுவர், மூன்றாவது 45 பாகைச் சரிவு. ஒடித்துப் பயன்படுத்தும் கத்தியின் அலகைச் சரிவின்மேல் வைத்து, அதன்மேல் சிறு மரத்துண்டு வைத்து, அலகின் இருபுறமும் திருகாணி போட்டு இறுக்குங்கள். கூர் நம்மைப் பார்க்க வேண்டும்; அலகின் மேல்முனையும் சற்று நம் பக்கம் சாயட்டும். நிமிர்ந்து நின்றால் அட்டைக்குள் இருக்கும் நுரை பிய்ந்துவிடும்.

நுரை அட்டை 5 மில்லிமீட்டர் தடிப்பு. சாய்வில் போகும் கத்திக்கு அது 7 மில்லிமீட்டர் வழி. ஆகவே கட்டைக்குக் கீழே 8 மில்லிமீட்டர் நீட்டினால் போதும்.

அட்டையின் நல்ல முகத்தைக் கீழே வைத்து, அதற்கும் அடியில் பழைய அட்டை ஒன்றை விரியுங்கள். ஒரு நேர்ச்சட்டத்தை அசையாமல் பொருத்தி, கட்டையின் நிமிர்ந்த சுவர் அதை உரச, மெதுவாக இழுங்கள். ஒரே இழுப்பில் முடிக்கப் பார்க்காதீர்கள். மூன்று தடவை இழுக்கலாம். கட்டையின் அடியில் இருப்பதுதான் நம் துண்டு. அதன் மேல்முகம், அதாவது தூணின் உட்புறம், 30 மில்லிமீட்டர் என்றால் வெளிப்புறம் 40 ஆகும். மறு ஓரத்தை வெட்டும்போது கட்டை ஆடினால், அதே தடிப்புள்ள துண்டு ஒன்றைப் பக்கத்தில் முட்டுக் கொடுங்கள்.

முதலில் இரண்டு கழிவுத் துண்டுகளை வெட்டிச் சேர்த்து, பயிற்சிப் புத்தகத்தின் மூலையோடு ஒப்பிடுங்கள். கட்டையில் ஒரு பாகை பிசகினால் மூலையில் இரண்டு பாகையாகும். இடைவெளி உட்புறம் தெரிந்தால் கவலை வேண்டாம், பசை மூடிவிடும். வெளிப்புறம் திறந்தால்தான் வேலை. கட்டையின் அடியில், கத்தி இருக்கும் ஓரத்தில், மெல்லிய அட்டைக் கீற்று ஒட்டி மறுபடியும் வெட்டிப் பாருங்கள்.

கத்தி மாட்டுவதும் வெட்டுவதும் பெரியவர்கள் செய்ய வேண்டியவை. ஒடித்த அலகுகள் மூடியுள்ள பால்மாவு டின்னுக்குள் போகட்டும். லயத்து வாசலில் வெறுங்காலோடு ஓடும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.